கூரைக்கு நான்கு மரம்

என் தம்பி எட்டு நகரங்களைச் செய்தவன். எட்டில் எதிலும் இதுவரை ஒரு குடும்பம்கூடக் குடியேறவில்லை. அது அவன் குற்றமில்லை. அவன் செய்தவை மாதிரிகள். அரசாங்க நிலத்தில் எங்காவது புது நகரம் கட்டலாம் என்று மேலே யாருக்காவது தோன்றினால், காகிதத்தில் வரைந்ததைப் பலகைமேல் எழுப்பிக் காட்டுவது அவன் வேலை. நகரமைப்புத் துறையின் மாதிரிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் அதைத்தான் செய்தான். தரையில் ஒரு மீட்டர் என்றால் அவன் பலகையில் ஒரு மில்லி.

அதனால் தெருவில் அவனுக்கு மில்லி என்றே பெயர். எதைக் காட்டினாலும் "ஒரு மில்லி கூடுது", "அரை மில்லி இடிக்குது" என்பான். பெயரைக் கேட்ட புதியவர்கள் ஆள் குடிப்பவன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். "யாரு, இவனா? ரெண்டாவது டீ குடிச்சாலே இவனுக்குத் தலை சுத்தும்" என்று சொல்லி டிரைவர் அண்ணன்தான் அவனைக் காப்பாற்றுவார். டிரைவர் அண்ணன் எங்கள் தெருவின் ஒன்றாம் எண் வீட்டுக்காரர். நகரப் பேருந்து ஓட்டியவர். தெருவுக்கு ஒரு மனு எழுத வேண்டுமென்றாலும் ஒரு சண்டையை விலக்க வேண்டுமென்றாலும் அவர்தான்.

தம்பி பத்தாவது முடித்துவிட்டு மரவேலை படித்தான். நான் எட்டாவதோடு நின்று தையல் கற்றுக்கொண்டேன். அவன் படிப்புக்கு என் தையல் இயந்திரம் ஓடியது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அவன் வேலைக்குப் போன பிறகும் அவன் சட்டைகளை நான்தான் தைத்தேன். கை முழங்கைக்கு மேல் நிற்க வேண்டும், பை இருக்கக் கூடாது. இரண்டுக்கும் காரணம் உண்டு. முதல் வருடத்தில் அவனுடைய முழுக்கைச் சட்டை உரசி ஒரு கோபுரம் சாய்ந்தது. இரண்டாம் வருடத்தில் குனியும்போது பையிலிருந்து பேனா விழுந்து ஒரு மருத்துவமனை நொறுங்கியது. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடத்தில் அவன் கையால் எதுவும் உடைந்ததில்லை. தினமும் காலையில் நகம் வெட்டுவான். இடுக்கியால் ஒரு வீட்டை எடுத்து வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். அந்த மூச்சுக்காகவே அவனுக்கு அரசாங்கம் தனியாகச் சம்பளம் தந்திருக்கலாம்.

மூடிப்போன விமானத் தளத்தில் ஒரு நகரம், பழைய சிறைச்சாலைத் தோட்டத்தில் ஒன்று, ரயில்வே கைவிட்ட கிடங்கு நிலத்தில் ஒன்று, அணைக்கு எடுத்து மிஞ்சிய நிலத்தில் இரண்டு. இப்படி ஏழு. அரசாங்க நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று எல்லாரும் நினைப்பதால், எவருக்கு வேண்டுமானாலும் அதில் நகரம் தோன்றும். மாதிரி தயாரானதும் அமைச்சர் வருவார், படம் எடுப்பார்கள், செய்தி வரும். ஆறு மாதத்தில் அமைச்சரோ அதிகாரியோ மாறுவார். மாதிரி கிடங்குக்குப் போகும். தம்பி அதிலிருந்து மரங்களை மட்டும் பிடுங்கி டப்பாவில் போட்டு வைப்பான், அடுத்த நகரத்துக்கு ஆகும் என்று. ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாகக் கிள்ளிப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து, மெல்லிய செப்புக் கம்பியில் குத்தினால் மரம். சாயம் காய்ச்சியது என் வீட்டுப் பாத்திரத்தில். அந்தப் பாத்திரத்தின் அடி இன்னும் பச்சைதான்.

எட்டாவது நகரம் எங்கள் தலையிலேயே வந்து இறங்கியது.

நாங்கள் குடியிருந்தது அரசு மாட்டுப்பண்ணையின் தொழிலாளர் வரிசையில். எதிரெதிராக முப்பத்தொன்று, முப்பத்தொன்று, ஆக அறுபத்திரண்டு வீடுகள். அப்பா அங்கே தீவனம் வெட்டினார். பண்ணையை மூடினார்கள், மாடுகளை விற்றார்கள், எங்களை மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் பண்ணைக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஒன்று இருந்தது. பட்டா இல்லை. நாங்கள் பதினேழாம் எண்.

"அக்கா, எட்டாவது நம்ம இடத்துல" என்று தம்பி வந்து சொன்ன அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"வரட்டும்டா. ஏழு வந்துச்சா?"

"அதானே" என்று அவனும் சிரித்தான்.

மாதிரிக்கு ஒரு முறை உண்டு. வரப்போவதை வைக்கும் முன், இருப்பதை எல்லாம் அடிப்பலகையில் ஒட்டிவிட வேண்டும். சாலை, கிணறு, மரம், வீடு, எதையும் விடக் கூடாது. தம்பி எங்கள் தெருவை ஒட்டினான். ஒவ்வொரு வீடும் ஆறு மில்லி நீளம், ஐந்து மில்லி அகலம், புளியங்கொட்டையைவிடச் சிறியது. கதவுக்கு வண்ணம் தேவையே இல்லை, யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் அறுபத்திரண்டு கதவுகளின் நிறத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் ஒற்றை மயிர்த் தூரிகையால் தீட்டினான்.

டிரைவர் அண்ணன் கேட்டார்: "என் கதவுக்கு என்ன கலர் போட்ட?"

"நீலம்ணே."

"புது நீலமா, மங்கின நீலமா?"

"மங்கினது."

"ஏன்டா, மாதிரியிலயாவது எனக்கு ஒரு புதுப் பெயிண்ட் அடிக்கக் கூடாதா? அதுக்குமா மனு எழுதணும்?"

தெருவே சிரித்தது. அரசாங்கப் பலகையில் நம் வீடு இருக்கிறது என்பதே எல்லாருக்கும் பட்டா கிடைத்த மாதிரி இருந்தது.

நகரம் ஒன்பதடிக்கு ஒன்பதடி. எங்கள் தெரு இருந்த மூலையில் என்ன வரவேண்டும் என்று மட்டும் அதிகாரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் விளையாட்டரங்கம் என்றார், ஒருவர் பேருந்து நிலையம் என்றார். வரைபடத்தில் அந்த மூலையில் 'பின்னர்' என்று எழுதி விட்டுவிட்டார்கள். அமைச்சர் பார்வையிட நான்கு நாள் இருக்கும்போது திட்ட அதிகாரி மாதிரிக்கூடத்துக்கு வந்தார். எப்போதும் கக்கத்தில் வரைபடச் சுருள்களோடு திரிவதால் அவருக்கு அங்கே சுருட்டு என்று பெயர். அவர் எங்கள் தெருவைச் சுட்டிக் காட்டினார்.

"இது என்னப்பா, புது நகரத்துல எறும்புப் புத்து மாதிரி?"

"இருக்கிற வீடுங்க சார்."

"அமைச்சர் கண்ணுல இது படக் கூடாது. எடுத்துடு."

"சார், இருக்கிறதை எடுக்கக் கூடாதுன்னு முறை…"

"எடு, மறை, என்னவோ பண்ணு. எனக்கு அது தெரியக் கூடாது."

அன்று மாலை தம்பி சாப்பிடாமல் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். பிய்த்து எடுத்தால், அங்கே வீடே இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்றான். எடுக்காவிட்டால் வேறு ஆளை வைத்து எடுப்பார்கள். நான் ஒரு பள்ளிச் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஓட்டை விழுந்த சட்டை. புதுத் துணிக்கு வழியில்லாதவர்களுக்கு நான் ஓட்டையின்மேல் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுப்பேன். ஓட்டை இருக்கும், தெரியாது.

"மேல மரத்தை நட்டு மூடிடேன்" என்றேன். "வீடும் இருக்கும். அவன் கண்ணுக்கும் தெரியாது."

தம்பி என்னையே பார்த்தான். அவன் முகம் தெளிந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கரெக்ட்டுக்கா. ஏழு நகரத்துலயும் பார்த்துட்டேன். கட்டடத்துக்குத்தான் அடிச்சுப்பாங்க. பச்சையா இருக்கிற இடத்தை ஒருத்தன்கூட என்னன்னு கேட்டதில்ல. பச்சை மேல விரல் வச்சவனே இல்ல."

சாயப் பாத்திரத்தை நான் அடுப்பில் ஏற்றினேன். கூரைக்கு நான்கு மரம் என்று கணக்கு வைத்தான். மூன்று வைத்தால் ஓரம் தெரிந்தது, ஐந்து வைத்தால் அடைசலானது. அறுபத்திரண்டு வீட்டுக்கும் இருநூற்று நாற்பத்தெட்டு மரங்கள். ஒரு வீட்டையும் அவன் பிய்க்கவில்லை. அத்தனையும் அடியில் அப்படியே இருந்தன, கதவு நிறத்தோடு.

பார்வையிடும் நாளில் மாதிரி செய்தவன் ஓரத்தில் நிற்க வேண்டும், கையில் பசையும் இடுக்கியும் வைத்துக்கொண்டு. எதையாவது யாராவது தட்டிவிட்டால் ஒட்டுவதற்கு. அமைச்சர் சுற்றி வந்தார். கோபுரங்களைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எங்கள் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னய்யா?"

அங்கே என்ன என்று யாருக்கும் தெரியாது. சுருட்டுதான் சட்டென்று சொன்னார்: "பூங்கா சார்."

"இதுதான்யா இருக்கிறதுலயே அழகு! இதை முதல்ல பண்ணுங்க. நகரம் வர்றப்ப வரட்டும். ஜனங்களுக்கு எதையாவது கண்ணுல காட்டணுமில்ல?"

தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். "சார், அதுக்குக் கீழ…" என்றான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அமைச்சர் பார்த்தார், சுருட்டு பார்த்தார், காமிராக்காரர்களும் பார்த்தார்கள்.

"கீழ என்னப்பா?" என்றார் அமைச்சர், கோபமில்லாமல்தான்.

"கீழ… பசை இன்னும் காயல சார். தொட்டுடாதீங்க."

இதை அவன் வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னான். தன் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றான். எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் ஓரத்தில் நின்ற ஆளுக்கு நடுவில் வந்து பேச நாக்கு எங்கே இருக்கும்?

அமைச்சர் வந்துபோன நாற்பத்தொன்றாம் நாள் அறுபத்திரண்டு கதவுகளிலும் அறிவிப்பை ஒட்டினார்கள். பூங்கா அமைக்க நிலம் தேவை, மாற்று வீடு தரப்படும், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். டிரைவர் அண்ணன் பத்திரிகையில் வந்த படத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் பாதித் தெரு.

"மில்லி, இதுல நம்ம தெரு எங்க?"

தம்பி படத்தின் மூலையிலிருந்த பச்சையில் விரலை வைத்தான்.

"ஆபீஸ்ல போய் விசாரிச்சேன்டா. முதல்ல வீடெல்லாம் இருந்துச்சாம். மாதிரிக்காரர்தான் மரத்தை வச்சு அழகு பண்ணினாருன்னு சொல்றாங்க. நீயா வச்ச?"

"ஆமாண்ணே."

"யார் சொல்லி வச்ச? உன்னைக் கட்டாயப்படுத்தினானா எவனாவது?"

"மறைக்கத்தான் சொன்னாங்க. மரம்… நானாத்தான் வச்சேன்."

"அறுபத்திரண்டு குடும்பத்து மேல மண்ணள்ளிப் போட்டுட்டு நானாத்தான் வச்சேன்னு எவ்வளவு கூசாம சொல்றான் பாருங்க. உனக்கெல்லாம் நீலத்தைப் பத்தி நான் தமாஷ் பண்ணினேன் பாரு!"

நான் கழுத்தில் அளவு நாடாவோடு உள்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மரம் என்று சொன்னது நான். தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை அவன் பையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனான். மாதிரி அப்போது முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அமைச்சர் ஒப்புக்கொண்ட வடிவம், ஒரு மில்லிகூட மாறக் கூடாது என்று உத்தரவு. பெட்டிச் சாவி அவனிடம் இருந்தது. திறந்தான். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு மரமாகப் பிடுங்க ஆரம்பித்தான். முதலில் ஒன்றாம் எண், டிரைவர் அண்ணனுடையது. அப்புறம் இரண்டு, மூன்று. வேகமாக வாரி எடுத்திருந்தால் ஒரே நிமிடத்தில் மொத்தத் தெருவும் வெளியே வந்திருக்கும். ஆனால் வாரினால் கூரை பெயரும். அவனால் அது முடியாது. ஒன்பது வீடு வெளியே வந்தபோது காவலாளி பார்த்துவிட்டார்.

சுருட்டு ஓடி வந்தார். "பைத்தியமா உனக்கு?"

"கீழ வீடு இருக்கு சார். பாருங்க. கதவு தெரியுது பாருங்க. அமைச்சர் ஒரு தடவை பார்த்தாப் போதும்."

"அவர் பார்த்துட்டார்ப்பா. பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்" என்றார் சுருட்டு.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். தம்பியைப் பதிவறைக்கு மாற்றினார்கள். அங்கே இன்றுவரை பழைய கோப்புகளுக்கு எண் ஒட்டுகிறான், நேராகத்தான் ஒட்டுகிறான். ஒன்பது வீட்டையும் வேறொரு ஆள் மறுபடி மூடினார். அவர் அவசரத்தில் கூரைக்கு மூன்று மரம்தான் வைத்தார். தம்பி அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து, "ஓரம் தெரியுதுக்கா" என்றான்.

தெருவை இடிக்க ஒன்றரை நாள் ஆனது. எங்கள் எல்லாரையும் ஊரின் மறுகோடியில் ஒரே அடுக்குமாடியில் வைத்தார்கள், ஆறு மாடி. ஒரே படிக்கட்டில் எல்லாரும் ஏறி இறங்கினோம். தம்பி வந்தால் சுவரோடு ஒதுங்கி, அவன் போன பிறகு ஏறுவார்கள். என்னிடம் மட்டும் பேசினார்கள். "உங்களை என்ன சொல்றது, நீங்க என்ன செய்வீங்க பாவம்" என்றார்கள். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க முன்போலவே வந்தார்கள். அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையை நான் இரண்டு வருடம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எட்டாவது நகரமும் வரவில்லை. பூங்கா மட்டும் வந்தது. ஒப்பந்தக்காரருக்கு 'மாதிரியில் உள்ளபடி' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் மாதிரியிலிருந்த மரங்களை எண்ணி, அளந்து, அத்தனை மரத்தையும் அந்தந்த இடத்திலேயே நட்டார். சுற்றிலும் வெறும் பொட்டல். நடுவில் இரண்டு நேர் வரிசையாகக் கொத்துக் கொத்தாக மரங்கள். பார்ப்பவர்களுக்கு ஏன் இப்படி என்று புரியாது. பதினேழாம் கொத்தின் நடுவில் நின்றால் நான் என் வீட்டுக்குள் நிற்கிறேன். பேருந்தில் ஒரு மணி நேரம். மாதத்துக்கு ஒரு முறை போவேன். தம்பி ஒருநாளும் வந்ததில்லை.

போன மாதம் போனபோது டிரைவர் அண்ணன் அங்கே இருந்தார். ஒன்றாம் கொத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் எண்ணிப் பார்த்துட்டேன். எல்லார் வீட்டு மேலயும் நாலு. இந்த ஓரத்துல ஒன்பது வீட்டுக்கு மட்டும் மூணு. எனக்கும் மூணு. இதுலயும் எனக்குக் குறைச்சல்தானா?"

சொன்னேன். தம்பி பெட்டியைத் திறந்ததை, அவருடைய வீட்டிலிருந்து ஆரம்பித்ததை, பதினேழு வரை வந்து சேராததை, பதிவறையை. அவர் அருகிலிருந்த மரத்தில் கைவைத்துக்கொண்டார்.

"ஏன்மா இதை அவன் சொல்லல?"

"இன்னொண்ணும் அவன் சொல்லலண்ணே. மரம் வைக்கச் சொன்னது நான்."

காவலாளி விசில் ஊதினார். புல்மேல் நிற்கக் கூடாதாம். ஒன்றாம் எண் வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து இறங்கி நடைபாதைக்குப் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை எங்கள் கதவைத் தட்டினார். தம்பிதான் திறந்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான். அவர் கேட்பதற்கு முன்பே, "ஆமாண்ணே, நான்தான்" என்றான்.

"நீ இல்லடா" என்றார் அவர். அவன் தோளில் கைவைத்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். என் பக்கம் திரும்பாமலேயே போய்விட்டார்.

தம்பி கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தான். என் வாழ்நாளில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏன்க்கா சொன்ன?"

"எத்தனை நாளுக்குடா நீ சுமப்ப?"

"எனக்கு என்ன? நான் காலைல போனா சாயங்காலம் வர்றவன். எவன் பேசினா என்ன, பேசாட்டி என்ன? நீ நாள் முழுக்க இங்கயே இருக்கணும். உன்கூட அவங்க பேசணுமேன்னுதான் ரெண்டு வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன். மொத்தத்தையும் கெடுத்துட்டியே."

அவன் சொன்னது சரிதான். இப்போது படிக்கட்டில் அவனைக் கண்டால் நின்று நலம் விசாரிக்கிறார்கள். டிரைவர் அண்ணன் கடைக்கு அழைத்துப்போய் டீ வாங்கித் தருகிறார். என்னைக் கண்டால் சுவரோடு ஒதுங்குகிறார்கள். பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. என் அளவு நோட்டில் வீட்டு எண்படி ஐம்பத்து மூன்று பிள்ளைகள். இதுவரை நான்கு பேர் வந்திருக்கிறார்கள். அந்த நான்கையும் வெட்டித் தைத்து, மடித்து வைத்துவிட்டேன். சாயங்காலம் தம்பி வந்து ஒவ்வொரு பொத்தானின் இடைவெளியையும் அளந்து பார்க்கிறான். ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. பேசாமல் திரும்ப வைத்துவிடுகிறான்.